பொது விளையாட்டிடங்களைக் காக்கும் கைபேசி வரைபடம்

பொதுப் பணத்தால் ஒரு விளையாட்டுத் திடல் அமைக்கப்படுகிறது. திறப்பு விழா சிறப்பாக நடைபெறுகிறது. பெயர்ப் பலகை நாட்டப்படுகிறது. கணக்கு முடிக்கப்பட்டுக் கோப்பு அலமாரிக்குச் செல்கிறது. சில ஆண்டுகள் கழிகின்றன. திடலின் ஓரத்தில் முதலில் ஒரு வைக்கோற்போர் எழும்புகிறது. பிறகு அதனைச் சுற்றி முள்வேலி வருகிறது. மற்றொரு மூலையில் ஏதோ ஒரு கட்டடத்திற்கு அஸ்திவாரம் தோண்டப்படுகிறது. ஒரே நாளில் திடல் முழுவதும் மறைந்துவிட்டால் ஊரே திரண்டு காரணம் கேட்கும். ஆண்டுக்கு ஒரு முழமாகக் குறைந்து வந்தாலோ எவர் கண்ணிலும் அது படுவதில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, பந்து விளையாட இடமில்லாமல் பிள்ளைகள் சாலையில் நிற்கும்போதுதான் நாம் விழித்துக் கொள்கிறோம்.

திடல் அமைக்கப் பணம் தருவது ஒரு வேலை. அமைத்த திடல் திடலாகவே இருக்கின்றதா என்று தொடர்ந்து பார்த்து வருவது வேறொரு வேலை. முதல் வேலையைச் செய்யும் அரசுகள் பல. இரண்டாவது வேலையைச் சட்டத்தின் அடிப்படையில் முறையாகச் செய்து வருபவை சிலவே. அவ்வாறு செய்து வரும் ஓர் ஏற்பாட்டைப் பற்றியும், கைபேசியில் இயங்கும் வரைபடம் அதற்கு எவ்வாறு உதவுகிறது என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். இவ்வேற்பாடு அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்தது. எனினும் அதனுள் அடங்கியுள்ள கருத்து எந்த ஊர்ப் பொதுநிலத்திற்கும் பொருந்தும்.

நிதி பிறந்த வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நகரங்கள் வேகமாக விரிந்தன. வயல்களும் தோப்புகளும் வீட்டு மனைகளாக மாறின. மக்கள் ஓய்வு நேரத்தைத் திறந்த வெளியில் கழிப்பதற்கு இடம் குறைந்து வருவதை உணர்ந்த அந்நாட்டு அரசு 1958-ஆம் ஆண்டில் இதனை ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அக்குழு 1962-இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் விளைவாகவே ‘நில, நீர்ப் பாதுகாப்பு நிதி’ என்னும் ஏற்பாடு உருவாயிற்று. அதற்கான சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் 1964-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் கையொப்பமிட்டார். 1965 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இந்நிதிக்குப் பணம் வரும் வழி கவனிக்கத் தக்கது. கடலுக்கு அடியிலிருந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் நிறுவனங்கள் அரசுக்குச் செலுத்தும் தொகையிலிருந்து அதன் பெரும்பகுதி கிடைக்கிறது. எடுக்க எடுக்கத் தீர்ந்து போகும் ஒரு செல்வத்தை விற்ற பணத்தைத் தீராமல் நிற்கவேண்டிய மற்றொரு செல்வத்தில் இட்டு வைப்பதே இதன் கருத்தாகும். விதை நெல்லை விற்றவர் அப்பணத்தில் ஒரு பகுதியையாவது நிலத்தில் போட வேண்டும் என்று நம் உழவர்கள் எண்ணுவதற்கு இது ஒப்பாகும். ஆண்டிற்கு 90 கோடி டாலர் வரை இந்நிதிக்கு ஒதுக்கலாம் என்பது பல ஆண்டுகளாக இருந்து வந்த உச்ச வரம்பு. ஆயினும் பெரும்பாலான ஆண்டுகளில் அதற்குக் குறைவாகவே கிடைத்து வந்தது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய ஒரு சட்டத்தினால் அத்தொகை ஆண்டுதோறும் முழுமையாகக் கிடைக்க வழி பிறந்தது.

நிதியின் ஒரு பகுதி மாநிலங்களுக்கும், அவற்றின் வாயிலாக நகரங்களுக்கும் சிற்றூர்களுக்கும் உதவித் தொகையாக வழங்கப்படுகிறது. செலவில் பாதி வரையில் உதவியாகக் கிடைக்கும். மீதியை அவ்வூரார் தாமே திரட்ட வேண்டும். பந்தாட்டத் திடல், சிறுவர் பூங்கா, நீச்சல் குளம், படகுத் துறை, நடைபாதை, முகாம் இடம் முதலியன இவ்வுதவியால் அமைந்துள்ளன. 1965 முதல் 40,000-க்கும் மேற்பட்ட பணிகளுக்கு இங்ஙனம் உதவி கிடைத்துள்ளது.

உதவிக்கு ஈடாக ஓர் உறுதி

உதவி பெறும் ஊர் அதற்கு ஈடாக ஓர் உறுதியைத் தர வேண்டும். இந்நிதியின் உதவியால் வாங்கிய அல்லது சீரமைத்த நிலம் என்றென்றும் பொதுமக்களின் திறந்தவெளிப் பொழுதுபோக்கிற்கே பயன்படும் என்பது அவ்வுறுதி. ‘என்றென்றும்’ என்ற சொல்லை நாம் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். பத்து ஆண்டு, இருபது ஆண்டு என்ற வரையறை ஏதும் இல்லை. நிலத்தை வேறு காரியத்திற்குத் திருப்ப வேண்டுமானால் மத்திய அரசின் அமைச்சரிடம் ஒப்புதல் பெற வேண்டும். ஒப்புதலும் எளிதில் கிடைத்துவிடாது. இழக்கும் நிலத்தின் சந்தை மதிப்புக்குக் குறையாததும், பயனிலும் இருப்பிடத்திலும் அதற்கு இணையானதுமான மாற்று நிலத்தை ஊரார் பொழுதுபோக்கிற்கென ஒதுக்கியாக வேண்டும். இவ்விதிகள் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் அடங்கியுள்ளன.

இவ்வுறுதி எந்த நிலத்தைக் கட்டுப்படுத்தும் என்பதைக் காட்டுவதற்கு ஓர் எல்லை வரைபடம் உதவிப் பத்திரத்துடன் இணைக்கப்படுகிறது. ஒரு திடலுக்கு விளக்குகள் அமைப்பதற்கு மட்டுமே உதவி பெற்றிருக்கலாம். அப்பொழுதும் பெரும்பாலும் பூங்கா முழுவதையும் உள்ளடக்கியே எல்லைக் கோடு வரையப்படும். காலப்போக்கில் ஒரு டென்னிஸ் ஆட்டக் களம் பழுதடைந்து பயனற்றுப் போனால், உரிய இசைவு பெற்று, அவ்விடத்தில் வேறொரு விளையாட்டிற்கு வசதி செய்து கொள்ளலாம். களம் மாறலாம், நிலத்தின் பயன் மாறலாகாது. ஆகவே இவ்வேற்பாடு முழுவதற்கும் உயிர்நாடி அந்த எல்லைக் கோடே எனலாம்.

ஐந்தாண்டிற்கு ஒரு முறை

உறுதி மொழி எழுதி வாங்கினால் மட்டும் போதாது. எனவே பணி முடிந்த ஒவ்வோர் இடத்தையும் குறைந்தது ஐந்தாண்டிற்கு ஒரு முறை நேரில் பார்வையிட வேண்டும் என்பது விதி. இதற்கான பொறுப்பு மாநில அரசைச் சேர்ந்தது. பார்வையிடுபவர் கவனிக்க வேண்டியவை கீழ்க்கண்டவாறு அமையும்:

1. நிலம் முழுவதும் உரிய பயனில் இருக்கின்றதா? அதன் எப்பகுதியிலாவது கட்டடம், சாலை, கைபேசிக் கோபுரம் போன்ற பிற பயன்கள் புகுந்துள்ளனவா?

2. இடம் தூய்மையாகவும் பார்வைக்கு நன்றாகவும் உள்ளதா?

3. ஊஞ்சல், சறுக்கு மரம், வேலி, நடைபாதை முதலியன பழுதின்றிப் பாதுகாப்பாக உள்ளனவா?

4. இடத்தைக் கவனித்துக் கொள்ளப் போதிய ஆட்கள் இருக்கிறார்களா?

5. இன, நிற வேறுபாடின்றி எல்லோரும் நுழைய முடிகிறதா? தக்க நேரங்களில் இடம் திறந்திருக்கிறதா? உடற்குறை உடையோர் உள்ளே செல்ல வசதி உண்டா?

6. எந்த நிதியால் இவ்விடம் அமைந்தது என்பதைக் கூறும் அறிவிப்பு நிற்கின்றதா?

இவற்றுள் ஆறாவதைச் சிறிய விஷயமாக எண்ணுதல் கூடாது. இவ்விடம் பொதுப் பணத்தில் அமைந்தது, பொதுமக்களுக்கு உரியது என்று ஊராருக்கு நினைவூட்டும் சாட்சி அதுவே. பலகை விழுந்த இடத்தில் நினைவும் மெல்ல விழுந்து விடுகிறது.

காகிதக் கோப்பின் குறைகள்

இத்தகைய ஆய்வு நெடுங்காலம் காகிதத்தைக் கொண்டே நடைபெற்றது. பார்வையிடுபவர் கோப்பை எடுத்துச் செல்வார், படிவத்தை நிரப்புவார், சில புகைப்படங்கள் எடுப்பார், திரும்பி வந்து எல்லாவற்றையும் கோப்பில் சேர்ப்பார். இதில் மூன்று இடர்ப்பாடுகள் இருந்தன.

முதலாவது, பழைய வரைபடங்களின் நிலை. தொடக்க ஆண்டுகளில் தயாரித்த எல்லைப் படங்கள் பல கையால் தீட்டியவை. ‘ஓடைக்கு மேற்கே’, ‘பெரிய மரத்தின் அருகே’ என்பன போன்ற அடையாளங்களை நம்பி வரைந்த படங்கள் எந்நாட்டிலும் உண்டு. ஓடை திசை மாறும். மரம் பட்டுப் போகும். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அப்படத்தைக் கையில் வைத்துக் கொண்டு நிற்பவருக்குத் தாம் எல்லைக்கு உள்ளே நிற்கிறோமா, வெளியே நிற்கிறோமா என்பதே விளங்காது.

இரண்டாவது, புகைப்படங்கள். உடைந்த வேலியின் படம் கோப்பில் இருக்கும். அது எந்தப் பக்கத்து வேலி, எந்த ஆண்டில் எடுத்த படம் என்பது எழுதப்படாமல் இருந்தால் அதனால் பயனில்லை.

மூன்றாவது, ஒப்பிடும் வசதி இல்லாமை. சென்ற ஆய்வில் கண்ட குறை இந்த ஆய்வில் தீர்ந்துள்ளதா என்பதை அறியப் பல கோப்புகளைப் புரட்ட வேண்டியிருந்தது. அதிகாரி மாறினால் அவர் மனத்திலிருந்த செய்தியும் அவருடனேயே சென்றுவிடும்.

கைபேசி தன் இருப்பிடத்தை அறிவது எப்படி?

இக்குறைகளைத் தீர்க்கவே கைபேசியும் பலகைக் கணினியும் வந்துள்ளன. இவை தம் இருப்பிடத்தை எவ்வாறு அறிகின்றன என்பதை முதலில் தெரிந்து கொள்வோம்.

பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் மிக நுட்பமான கடிகாரம் உள்ளது. ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்பொழுது மணி இன்னது’ என்னும் செய்தியை அவை இடைவிடாது ஒலிபரப்புகின்றன. அச்செய்தி வந்து சேர எடுத்துக் கொண்ட நேரத்தைக் கொண்டு கைபேசி தூரத்தைக் கணக்கிடுகிறது. ரேடியோ அலை ஒரு விநாடியில் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், கணக்கில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும் தூரத்தில் 300 மீட்டர் வேறுபாடு உண்டாகிவிடும். குறைந்தது நான்கு கோள்களின் செய்தி கிடைத்தால், கைபேசியின் சொந்தக் கடிகாரத்திலுள்ள பிழையையும் நீக்கி இருப்பிடத்தைக் கூற முடியும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரையில் பொதுமக்களுக்குக் கிடைத்த ஒலிபரப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே சிறிது பிழையைக் கலந்து வைத்திருந்தது. அது நிறுத்தப்பட்ட பிறகே இக்கருவி இத்தகைய பணிகளுக்குப் பெரிதும் பயனுள்ளதாயிற்று.

கோள்களின் செய்தியைப் பெறுவதற்குக் கைபேசிக் கோபுரம் தேவையில்லை. வரைபடத்தை முன்னதாகவே அலுவலகத்தில் பதிவிறக்கிக் கொண்டால், தொலைபேசித் தொடர்பே இல்லாத காட்டுப் பகுதியிலும் கருவி தான் நிற்குமிடத்தைக் காட்டும். அங்கே பதிந்த விவரங்கள் கருவியிலேயே தங்கியிருந்து, தொடர்பு கிடைத்ததும் அலுவலகக் கணினியைச் சென்று சேரும்.

ஆய்வு நடைபெறும் முறை

முதலில் அலுவலக வேலை. கோப்பிலுள்ள பழைய எல்லைப் படத்தைக் கணினியில் ஏற்றி, சாலைச் சந்திப்பு, எல்லைக் கல் போன்ற மாறாத அடையாளங்களைக் கொண்டு, அதனை வானிலிருந்து எடுத்த புகைப்படத்தின் மீது பொருத்துகிறார்கள். பின்பு எல்லைக் கோட்டை அதன்மேல் வரைகிறார்கள். பொறுமையுடன் செய்ய வேண்டிய வேலை இதுவே. இங்கே கோடு தவறினால் களத்தில் காண்பது யாவும் தவறாகிவிடும்.

அடுத்து, பார்வையிடுபவர் கருவியுடன் இடத்திற்குச் செல்கிறார். திரையில் வானப் படமும், அதன்மேல் எல்லைக் கோடும், தாம் நிற்குமிடத்தைக் காட்டும் ஒரு புள்ளியும் தெரிகின்றன. அவர் நடக்க நடக்கப் புள்ளியும் நகர்கிறது. எல்லையோரமாக ஒரு சுற்று நடந்து வரும்போது, பக்கத்து வீட்டின் வேலி கோட்டிற்கு உள்ளே வந்திருப்பதாகத் தோன்றினால் அங்கேயே நின்று குறிப்பெழுதிப் படம் எடுக்கிறார். படத்துடன் இடமும் நாளும் நேரமும் தாமே பதிந்து விடுகின்றன. படிவத்தின் கேள்விகளும் அதே திரையில் வரிசையாக வருகின்றன. சில கேள்விகளுக்கு விடையளிக்காமல் மேலே செல்ல முடியாதவாறும் படிவத்தை அமைக்கலாம்.

அலுவலகத்தில் இருப்பவர் மாநிலம் முழுவதையும் ஒரே படத்தில் காண இயலுகிறது. எந்த இடத்தின் ஐந்தாண்டுத் தவணை முடியப் போகிறது, எங்கே சென்ற முறை கண்ட குறை இன்னும் தீரவில்லை என்பனவற்றை நிறப் புள்ளிகளால் பிரித்துக் காட்டலாம். ஒரே திசையில் உள்ள இடங்களைச் சேர்த்துப் பார்வையிட்டால் பயணச் செலவும் குறையும். அடுத்த முறை வேறொருவர் சென்றாலும் முன்னவர் நின்ற அதே இடத்தில் நின்று, அதே திசையில் படம் எடுத்து ஒப்பிட முடியும். மனிதர் மாறினாலும் நினைவு மாறாமல் நிற்பது இக்கருவியின் பெரும் பயனாகும்.

கருவியை நம்பும் அளவு

கருவியின் பெருமையைக் கூறும்போது அதன் குறையையும் கூறிவிடுதல் கடமை. வானம் மறைக்கப்படாத திறந்த வெளியில் சாதாரணக் கைபேசி காட்டும் இடம் ஏறக்குறைய 5 மீட்டர் வரை முன்பின்னாக இருக்கலாம். அடர்ந்த மரங்களின் கீழும், உயர்ந்த கட்டடங்களின் அருகிலும் பிழை இன்னும் கூடும்.

5 மீட்டர் என்பது சிறிய அளவாகத் தோன்றலாம். 100 மீட்டர் நீளமுள்ள ஓர் எல்லையில் 5 மீட்டர் பிழை நேர்ந்தால் 500 சதுர மீட்டர், அதாவது 12 சென்டுக்கும் மேற்பட்ட நிலம் கணக்கில் இடம் மாறிவிடும்! ஆகவே கைபேசிப் புள்ளியை மட்டும் வைத்துக் கொண்டு ‘நீ ஆக்கிரமித்தாய்’ என்று ஒருவரைக் குற்றம் சாட்டுவது நியாயமன்று. ‘இங்கே ஐயம் உள்ளது, அளந்து பார்க்க வேண்டும்’ என்று சொல்லவே அதற்கு உரிமை உண்டு. முடிவு கூற வேண்டியவர் நில அளவர். எல்லைக் கற்களிலிருந்து முறையாக அளந்து அவர் காட்டும் கோடே செல்லும். சென்டிமீட்டர் அளவில் இடங்காட்டும் விலையுயர்ந்த கருவிகளும் இருக்கின்றன. ஆனால் அவையும் மூல வரைபடம் சரியாக இருந்தால் மட்டுமே உண்மையைக் கூறும்.

மற்றொன்றும் உண்டு. திடலில் பிள்ளைகள் விளையாடுகிறார்களா, பெண்கள் மாலையில் அச்சமின்றி வந்து அமர்கிறார்களா, வாயிற்கதவின் சாவி யார் வீட்டில் தொங்குகிறது என்பனவற்றை எந்தச் செயற்கைக் கோளும் கூறாது. அங்கே நின்று, நாலு பேரைக் கேட்டால்தான் தெரியும். படிவத்தை வேகமாக நிரப்பிவிட்டுத் திரும்புவதற்குக் கருவி வழி செய்து கொடுக்குமானால் அது உதவியாகாது, தீங்கே ஆகும்.

நமது ஊர்களில்

இம்முறை நமக்கு முற்றிலும் புதியதன்று. 2005-ஆம் ஆண்டுத் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் நடைபெற்ற பணிகளை வரைபடத்தில் பதிவதற்காக, 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமும், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த தேசியத் தொலையுணர்வு மையமும் உடன்படிக்கை செய்து கொண்டன. முடிவுற்ற பணிகளைக் கைபேசியால் படம் பிடித்து ‘புவன்’ என்னும் இணைய வரைபடத்தில் ஏற்றும் வேலை அவ்வாண்டிலேயே தொடங்கியது. 2017 நவம்பர் முதல், பணி தொடங்குமுன், நடைபெறும்போது, முடிந்தபின் என மூன்று நிலைகளில் படம் எடுக்கும் முறை வந்தது. குளம், வாய்க்கால், சாலை ஆகியவற்றோடு விளையாட்டுத் திடல் அமைப்பதும் அச்சட்டம் அனுமதித்த பணிகளில் ஒன்றாகும்.

பணி நடைபெற்றதா என்ற கேள்விக்கு அப்படங்கள் விடை கூறும். அது இன்றும் நிலைத்துள்ளதா என்ற கேள்விக்கு விடை கூற, மீண்டும் ஒருவர் அங்கே சென்றாக வேண்டும். அதற்குப் பஞ்சாயத்து உறுப்பினர்களை விடத் தக்கவர் யார்? பெருஞ்செலவின்றி அவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு.

ஊரிலுள்ள விளையாட்டுத் திடல், பூங்கா ஒவ்வொன்றுக்கும் புல எண்ணையும் பரப்பையும் குறித்து, புலப்படத்தின் நகல் ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்துக் கொள்ளலாம். ஆண்டிற்கு ஒரு முறை, கிராம நிர்வாக அலுவலரையும் பக்கத்து நிலத்துக்காரர்களையும் உடன் அழைத்துக் கொண்டு எல்லையைச் சுற்றி வரலாம். பக்கத்து நிலத்துக்காரரை அழைப்பது மிக முக்கியம். அவர் முன்னிலையில் பார்த்த எல்லையைப் பற்றிப் பின்னால் வழக்கு எழுவது குறையும். எல்லைக் கற்கள் நிற்கின்றனவா என்று பார்த்து, ஒவ்வொரு மூலையிலிருந்தும் திடலின் நடுவை நோக்கிக் கைபேசியில் ஒரு படம் எடுக்கலாம். ஆண்டுதோறும் அதே மூலை, அதே திசை என்று வைத்துக் கொண்டால், ஐந்து ஆண்டுகளின் படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது நடந்தது யாவும் தானே விளங்கும். கல் காணாமற் போயிருந்தாலோ, வேலி நகர்ந்திருப்பதாக ஐயம் எழுந்தாலோ தாலுகா அலுவலகத்திற்கு எழுதி நில அளவரை வரவழைக்க வேண்டும்.

இருப்பிட எண்களை ஏட்டில் எழுதும்போது கவனம் தேவை. பாகையின் ஐந்தாம் தசம இலக்கம் தரையில் சுமார் 1 மீட்டரைக் குறிக்கும். மூன்றாம் இலக்கத்தில் ஓர் எண் தவறினால் 100 மீட்டருக்கு மேல் விலகிப் பக்கத்து வயலைக் காட்டிவிடும். எனவே எழுதியதை மற்றொருவர் படித்துச் சரிபார்த்தல் நலம்.

இவ்வாறு கண்டவற்றைக் கிராம சபைக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். ஊஞ்சலின் சங்கிலி அறுந்துள்ளது, கிழக்கெல்லைக் கல்லைக் காணவில்லை, பெயர்ப் பலகை துருவேறிவிட்டது என்று ஊரார் முன்னிலையில் படிக்கப்பட்ட குறை, தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அடுத்த கூட்டத்தில் பதில் கேட்கும். யாரும் படிக்காத அறிக்கை கணினியில் இருந்தாலும் அலமாரியில் இருந்தாலும் ஒன்றே.

அமெரிக்கச் சட்டம் ‘என்றென்றும்’ என்று கூறியதை ஐந்தாண்டிற்கு ஒரு முறை ஒருவர் நடந்து சென்று உறுதிப்படுத்த வேண்டியிருக்கிறது. நிலம் தானே தன்னைக் காத்துக் கொள்ளாது. எல்லை எங்கே என்பதைக் கைபேசி காட்டும். அந்த எல்லை வரை நடந்து செல்ல வேண்டியவர்கள் நாமே. வரும் கிராம சபைக்கு முன்பாக நம் ஊர்த் திடலை ஒரு முறை சுற்றி வருவோமாக.